முப்பது மில்லி

உடல் பருமனுக்குச் செய்யும் ஸ்லீவ் அறுவை சிகிச்சையில் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது வாழைக்காய் போல ஒரு குழாய். முதல் சில நாட்கள் தண்ணீர்கூட 30 மில்லி கோப்பையில், மிடறு மிடறாகத்தான். அவசரப்பட்டால் குமட்டும்.

அந்தக் கோப்பையை யார் நீட்டுவது? வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநங்கைக்குக் கத்தி படுவதற்கு முன்பே, ஒப்புதல் படிவத்தின் 'உறவினர் கையெழுத்து' என்ற கட்டத்தில் வலித்துவிடும். அவளை மகளாகத் தத்தெடுத்த மூத்த திருநங்கை பக்கத்திலேயே நிற்பார். “சொந்த அம்மாவா?” என்பார்கள் மருத்துவமனையில். குடும்பம் அமைய திருமணம் மட்டுமே வழியல்ல என்று ஒருபாலின இணையர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதே 2025 மே மாதத்தில்தான்.

அந்த அம்மாவோ காரமில்லாத ரசத்தெளிவை வடிகட்டி, ஃபிளாஸ்க்கோடு காலை முதல் பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

“மெதுவா குடி, மகளே. யாரும் பிடுங்கப் போறதில்ல.”