தேர்தலைப் பார்க்கப் போன குற்றம்

2010 ஏப்ரல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலை ம.இ.கா.வின் கமலநாதன் வென்ற தேர்தலாகத்தான் நம்மில் பலருக்கு ஞாபகம். அங்கே போனதற்காக மலேசிய தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர்மீது ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. நால்வரும் படித்தது அரசியல் அறிவியல்! மாணவர் ஒரு கட்சிக்கு ஆதரவோ எதிர்ப்போ காட்டக்கூடாது என்ற சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2011 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012இல் சட்டமும் திருத்தப்பட்டது.

சட்டம் தளர்ந்த பிறகும் கிள்ளான் வீடுகளில் பேச்சு மாறவில்லை: "படிக்கப் போனியா, படிப்ப மட்டும் பாரு." இதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குடும்பத்தில் முதல் ஆளாகப் பல்கலைக்கழகம் போகிற பிள்ளையின் முதுகில் அப்பாவின் ஓவர்டைமும் பி.டி.பி.டி.என். கடனும் இருக்கின்றன. துணிச்சலுக்கு எல்லாரும் ஒரே விலை கொடுப்பதில்லை.

அப்போ யார் பேசுவது? பதவியும் பெயரும் உள்ள பேராசிரியர்தான் முதலில் பேச வேண்டும் என்பேன். அவருக்கும் ஆபத்து உண்டு. பேராக் நெருக்கடி பற்றிக் கருத்துச் சொன்ன மலாயாப் பல்கலைக்கழகச் சட்ட விரிவுரையாளர் அஸ்மி ஷாரோம்மீது 2014இல் தேச நிந்தனை வழக்குப் போட்டார்கள். 2016இல்தான் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆனால் தாங்கும் பலம் மாணவனைவிட அவருக்கு அதிகம்.

"நான் நடுநிலை" என்று சிலர் ஒதுங்குவார்கள். மதிப்பெண் போடும்போது நடுநிலை கடமைதான். வகுப்பில் நீதியைப் பற்றி ஒரு தவணை முழுக்க நடத்திவிட்டு, அதே வகுப்பு மாணவன் தண்டிக்கப்படும்போது வாய் திறக்காமல் இருப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. மாணவர்கள் அதையும் கவனித்துக் கற்றுக்கொள்கிறார்கள்.