பெயர் இல்லாத இடம்

சித்திரையும் வைகாசியும் சந்திக்கிற அக்கினி நட்சத்திர நாட்களில், சேலையூரில் எங்கள் தெருவிலுள்ள மொட்டைமாடிக் கீற்றுக் கொட்டகையொன்றில், ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பத்து நாள் கோடை முகாம் நடத்துகிறார்கள்; ஓய்வு பெற்ற உபாத்தியாயன் என்ற ஒரே யோக்கியதையை உத்தேசித்து, சரீரத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பை இவ்வருஷம் என் தலையில் கட்டினார்கள்.

முதலிரண்டு நாள் வெகு சுலபமாகக் கழிந்தன. தண்ணீர் பாட்டிலின் அடியை அறுத்து, அங்கே பலூன் தோலை இழுத்துக் கட்டி, உள்ளே இன்னொரு பலூனைத் தொங்கவிட்டு, அடித்தோலைக் கீழே இழுத்தால் உள்ளிருக்கும் பலூன் ஊதுவாரின்றியே உப்புவதைக் காட்டினேன். உதரவிதானம் தாழ்ந்து இடம் விடுவதனால்தான் காற்று உள்ளே வருகிறது என்பதை அவர்கள் தங்கள் வயிற்றில் கை வைத்துப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். பிறக்கும்போது சுமார் 300 எலும்புகள், வளர வளர ஒன்றோடொன்று கூடி 206 ஆகிவிடும் என்றதும், "அப்போ உங்களைவிட எங்களுக்குத்தான் ஜாஸ்தியா சார்?" என்று ஒரு பையன் கேட்டான், அன்று முழுவதும் எல்லோரும் என்னைச் சற்று இரக்கத்தோடு பார்த்ததாகவே எனக்குத் தோன்றிற்று. மண்ணீரல் என்று நான் பலகையில் எழுதியதை, இறைச்சிக் கடைக்காரர் மகன், "அது சுவரொட்டி சார்" என்று திருத்தினான். அதன் நிறம், வழவழப்பு, எடை, எத்தனை மிளகு போட்டு வறுக்க வேண்டும் என்பது வரை அவனுக்கு அத்துப்படி. நானோ அந்த அவயவத்தைப் புத்தகப் படத்துக்கு வெளியே கண்டதில்லை.

மூன்றாம் நாள்தான் சங்கடம். பெரிய காகிதத்தில் ஒரு பையனைப் படுக்கவைத்து, அவனைச் சுற்றிக் கோடு இழுத்து, ஒவ்வொரு அங்கத்துக்கும் பெயர் எழுதச் சொன்னேன். தெய்வத்தைப் பாடினால் பாதாதிகேசம், மனிதரைப் பாடினால் கேசாதிபாதம் என்ற பழைய மரபுப்படி நாங்களும் தலைமயிரில் தொடங்கி இறங்கினோம். நெற்றி, புருவம், கழுத்து, மார்பு, தொப்புள் என்று வந்த பேனா, அங்கிருந்து ஒரே தாவாகத் தொடைக்குப் போயிற்று. "நடுவுல ஒரு இடத்தை விட்டுட்டீங்களே, அதுக்குப் பேரு கிடையாதா?" என்று ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி கேட்டாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "அது அப்புறம்" என்றேன் நான், முப்பத்திரண்டு வருஷம் பாடம் சொன்னவன்.

பெயர் இல்லாமலென்ன? வீட்டில் கொஞ்சுவதற்கு ஒரு சொல், தெருவில் வைவதற்கு ஒரு சொல், பாடப்புத்தகத்தில் பிறப்புறுப்பு என்று ஒரு சொல், ஆக மூன்று இருக்கின்றன. முதலாவது ஐந்து வயதோடு காலாவதியாகிவிடுகிறது. இரண்டாவதைச் சொன்னால் உதை விழும். மூன்றாவதை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. சொற்பஞ்சம் என்று தமிழின் மேல் பழி போடவும் வழியில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்த அமெரிக்க மிஷனரி டாக்டர் சாமுவேல் கிறீன், 'மனுஷ அங்காதிபாதம்' என்ற சரீர சாஸ்திர நூலை 1872இலேயே அச்சேற்றினார். அதற்கும் முன்பே பிரசவ வைத்தியத்துக்கும் தமிழில் நூல் தந்திருந்தார்.

சங்கோசத்தை நான் அடியோடு இகழவில்லை. 1816இல் பாரிஸில் லேனெக் என்ற வைத்தியர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காதை வைத்துக் கேட்கக் கூசி, காகிதத்தைக் குழாயாகச் சுருட்டி வைத்துக் கேட்டதிலிருந்துதான் ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. அவருடைய கூச்சம் காதுக்கு ஒரு வழி தேடிற்று. என்னுடையது பேனாவைத் தாவ வைத்ததோடு சரி.

இத்தனைக்கும், பெயர் சொல்லாமையின் விலையை அறியாத ஊர் அல்ல இது. டாக்டர் சௌரி முத்து 1928இல் காசநோயாளிகளுக்கென்று அமைத்து, 1937இல் அரசாங்கத்தின் கைக்குப் போன சானடோரியம், ரயில் நிலையத்துக்கே பெயராகி நிற்கிறது. மின்சார ரயிலில் தினமும் அப்பெயரைக் கேட்டுக்கொண்டேதான் போகிறோம். என் சிறு பிராயத்தில் வீட்டில் யாரும் சயம் என்று சொல்லமாட்டார்கள். "சானடோரியத்தில் இருக்கிறார்" என்று குரலைத் தாழ்த்துவார்கள், நோய்க்குப் பதில் ஸ்தலத்தின் பெயர். 1990களில் எச்.ஐ.வி. நோயாளிகள் அதே ஆஸ்பத்திரிக்கு வரத் தொடங்கியபோது, அந்தத் தாழ்ந்த குரல் மறுபடியும் கேட்டது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012இல் போக்சோ சட்டமும் வந்தது. எங்கே தொட்டான் என்று கேட்டால் குழந்தை எந்தச் சொல்லால் பதில் சொல்லும் என்பதை அன்றிரவு புழுக்கத்தில் படுத்தபடி நெடுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை, முகாம் நடத்துகிறவர்களிடம் சொல்லிவிட்டு, அந்தச் சிறுமியின் கையிலேயே பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னேன். சிரிப்பு ஒரு நிமிஷம் இருந்தது. பிறகு யாரோ சிறுநீரகம் எத்தனை என்று கேட்க, பேச்சு அங்கே போய்விட்டது.

பதினோரு மணிக்கு அவளை அழைத்துப்போக வந்த பாட்டி, சுவரிலிருந்த படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தலையிலிருந்து படித்தாள். நடுவில் நின்றாள். சண்டைக்கு நான் தயாரானேன்.

"எனக்கு நாலு வருஷம் அங்கதான் வலி, சார்," என்றாள் மெதுவாக. "டாக்டரம்மாகிட்ட 'கீழ வலிக்குது'ன்னுதான் சொல்லத் தெரிஞ்சுது. அவங்க காலைப் பார்த்து எண்ணெய் எழுதிக் குடுத்தாங்க. கர்ப்பப்பையை எடுக்கிற வரைக்கும் அந்த எண்ணெயைத்தான் தேச்சுக்கிட்டிருந்தேன்."

பிறகு பேத்தியின் பக்கம் திரும்பி, "என்னடி, பிறப்புருப்புன்னு சின்ன ரு போட்டிருக்கே?" என்று அதட்டி, பேனாவை வாங்கி, அந்த ஓரெழுத்தை அடித்து, மேலே பெரிய று எழுதினாள்.