சூரைச்செடியின் கீழே வந்த சாப்பாடு

ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்கிறாயே தம்பி, அதை எப்போது முடிவு செய்தாய்? போட்டித் தேர்வுப் பட்டியலில் மறுபடியும் உன் எண் வராத அன்றா? கன்வென்ஷன் பந்தலில் பக்கத்தில் இருந்தவர்கள் கதறி அழுது ஜெபிக்க, உனக்கு மட்டும் ஒரு சிலிர்ப்பும் வராமல் போன இரவிலா? உன்னைவிடப் பெரிய ஆள் ஒருவர் இப்படியே நொந்துபோய்ப் படுத்திருக்கிறார். அவர் எலியா.

கர்மேல் மலையில் பாகாலின் 450 தீர்க்கதரிசிகளுக்கு எதிரே தனி ஆளாக நின்று ஜெபித்து, வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்டவர் அவர். அப்பேர்ப்பட்டவர் யேசபேல் அரசியின் ஒரு மிரட்டலுக்கு உயிர் தப்ப ஓடினார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒருநாள் தூரம் நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாவைக் கேட்டார்.

அங்கே தேவன் செய்ததைக் கவனி. கடிந்துகொள்ளவில்லை. விசுவாசம் போதவில்லை என்று பிரசங்கம் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பியபோது தலைமாட்டில் தணலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டார், குடித்தார், திரும்பவும் படுத்துவிட்டார்! அதற்கும் கோபமில்லை. தூதன் இரண்டாம் முறையும் எழுப்பி, போகவேண்டிய தூரம் மிச்சமிருக்கிறது, சாப்பிடு என்றான். கர்மேலில் அக்கினியை அனுப்பியவர்தான் இங்கே அடையை அனுப்பினார். முதலாவதைப் பற்றி ஆயிரம் பிரசங்கம் கேட்டிருப்பாய். எனக்கோ இரண்டாவதுதான் பெரிய அற்புதமாகப் படுகிறது.

நைட் டியூட்டியில் ஓய்ந்துபோய் உட்கார்ந்த தங்கச்சி, உன்னைத்தான் கேட்கிறேன். கூட வேலை பார்க்கிற அக்கா ஒன்றும் விசாரிக்காமல் பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி உன் பக்கம் நகர்த்தினார்களே; “நாலாம் பெட் டிரிப்பை நான் பாத்துக்கறேன், நீ கொஞ்சம் கண் அசரு” என்றார்களே; அதை எந்தக் கணக்கில் எழுதினாய்? உனக்கு வந்த அடையும் தண்ணீரும் அதுதான்! மேடையில் சாட்சி சொல்லத் தகுந்த அற்புதம் ஒன்றுக்காகக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்திருந்தால், தலைமாட்டில் வைத்தது எப்படிக் கண்ணில் படும்?

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். முன்பு போர்வீரர், போரில் காயப்பட்டவர். மடத்தில் அவருக்குக் கிடைத்தது அடுப்படி வேலை; அதுவும் அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத வேலை. பாத்திரச் சத்தத்துக்கும் ஆளாளுக்குக் கூப்பிடும் கூச்சலுக்கும் நடுவே, வாணலியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதைக்கூட ஆண்டவர்மேல் வைத்த அன்புக்காகவே செய்தார். முழங்காலில் நிற்கும்போது எந்தச் சமாதானமோ, அதே சமாதானம் அடுப்படியிலும் அவருக்கு இருந்தது. பிற்காலத்தில் செருப்புத் தைத்துக் கொடுத்தார். 1691இல் இறந்தார். அவருடைய உரையாடல்களும் கடிதங்களும் அதன்பிறகே புத்தகமாயின. இன்றும் உலகமெங்கும் படிக்கிறார்கள். உன் அடுப்பும் உன் தையல் மெஷினும் உன் கல்லாப்பெட்டியும் எதில் குறைச்சல்?

எலியா அந்த உணவின் பலத்தில் நாற்பது நாள் இரவும் பகலும் நடந்து ஓரேப் மலைக்குப் போனார். பெருங்காற்று வந்தது, பூமி அதிர்ந்தது, தீ எழுந்தது. மூன்றிலும் தேவன் இல்லை. பிறகு மெல்லிய ஒரு குரல். சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு குகை வாசலில் வந்து நின்றார் எலியா.

அந்தக் குரல் அவரை அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார வைக்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போ என்றது. ஆசகேல், யெகூ, எலிசா என்று பெயர் சொல்லி, மூன்று பேரை அபிஷேகம் பண்ணும் வேலையைக் கையில் கொடுத்தது. நான் ஒருவன்தான் மிஞ்சினேன் என்று புலம்பியவருக்கு, பாகாலுக்கு முழங்கால் மடக்காத 7,000 பேர் இஸ்ரவேலில் இருக்கிறார்கள் என்று கணக்கும் காட்டியது. நீ தனி ஆள் இல்லை! உனக்கு வேலை பாக்கி இருக்கிறது! கடவுள் அமைதியாக இருப்பதை அவர் ஒதுங்கிவிட்டதாக எண்ணி மூலையில் முடங்காதே. சாப்பிடு, தூங்கு, எழுந்திரு. நாளைக் காலை பஸ் பிடிக்கும்போது, “ஆண்டவரே, இன்றைக்கு என் கையில் தருகிற வேலை எது?” என்று கேள். கேட்டுவிட்டு, அன்று உன் எதிரே வருகிற முதல் மனிதரை முழுக் கவனத்தோடு பார்.

எலியா மலையிறங்கி எலிசாவைத் தேடிப் போனபோது, எலிசா ஆலயத்தில் இல்லை, வயலில் உழுதுகொண்டிருந்தார். பன்னிரண்டு ஏர் மாடுகள். பன்னிரண்டாவது ஏரை ஓட்டியவர் அவரே. கடந்துபோகிற போக்கில் எலியா தன் சால்வையை அவர்மேல் போட்டார். எலிசா ஏரின் மரத்தையே விறகாக்கி மாட்டிறைச்சியைச் சமைத்து, ஜனங்களுக்குச் சாப்பாடு போட்டுவிட்டுப் பின்னால் கிளம்பினார்.