கதவைச் சாத்தினால் என்ன?

மதிப்பெண் பட்டியலைப் பார்த்து உன்னை எடைபோட்டவர்கள் எத்தனை பேர்? "இவனுக்குக் கணக்கு வராது" என்று தீர்ப்பெழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டார்களா? அந்தத் தீர்ப்பை ஓரமாக வை. வால்டர் கோனைப் பார்.

வியன்னாவில் 1923இல் பிறந்த யூதப் பையன். பள்ளியில் அவனுக்குப் பிடித்தது லத்தீன். கணக்கில் வாங்கியதோ 'சி'. வேறெந்தப் பாடத்திலும் அவன் அப்படி வாங்கியதில்லை. 16 வயதில், உலகப்போர் வெடிக்க மூன்று வாரம் இருக்கும்போது, பெற்றோரைப் பிரிந்து இங்கிலாந்துக்குப் போனான். அங்கே எதிரி நாட்டான் என்று பிடித்துக் கனடாவுக்குக் கப்பலேற்றினார்கள். முகாமில் மரம் வெட்டும் வேலை. நாள் கூலி 20 சென்ட். அந்தக் காசைச் சேர்த்து அவன் தபாலில் வரவழைத்தது என்ன தெரியுமா? ஹார்டியின் தூய கணித நூலும் ஸ்லேட்டரின் வேதி இயற்பியல் நூலும். கணக்கில் 'சி' வாங்கிய பையன்! சிறை முகாமுக்குள்ளே!

பட்ட அடிதான் மனிதனைச் செதுக்கும் என்று மேடையில் முழங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவன் தாய் தந்தையை நாஜிகள் கொன்றார்கள். அதை வெற்றிக்குப் படிக்கட்டு என்று சொல்ல எவருக்கு வாய் வரும்? நான் சொல்வது வேறு. எது நடந்தாலும் அவன் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஆனால் வேதியியல் கட்டடத்தில் போர்க்கால ஆய்வு நடந்ததால் அவனுக்கு உள்ளே அனுமதியில்லை. 17 வயதுக்குப் பிறகு அவன் ஒரு வேதியியல் வகுப்பில்கூட உட்கார்ந்ததில்லை. அதே கோனுக்குத்தான், ஜான் போப்பிளோடு சேர்த்து, 1998இல் நோபல் பரிசு. எந்தத் துறையில்? வேதியியலில்!

அப்படி என்ன செய்தார்? ஓர் இரும்பு அணுவில் 26 எலெக்ட்ரான்கள். அவற்றின் நிலையைச் சொல்லும் அலைச்சார்பை எழுத 78 ஆயங்கள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பத்தே புள்ளி என்று வைத்தாலும் 1க்குப் பின்னால் 78 சுழியங்கள். எந்தக் கணினி தாங்கும்? உலோகக் கலவைகளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்த கோன், 1964இல் பியர் ஹோஹன்பெர்க்குடன் சேர்ந்து நிறுவினார்: எலெக்ட்ரான்கள் எங்கே எவ்வளவு அடர்ந்திருக்கின்றன என்று தெரிந்தால் போதும், தாழ்நிலை ஆற்றல் அதிலேயே அடங்கியிருக்கிறது. அடர்த்திக்கு மூன்றே ஆயங்கள்! அடுத்த ஆண்டே லூ ஷாமுடன் சேர்ந்து அதைப் போட்டுப் பார்க்கக்கூடிய சமன்பாடுகளாக்கினார். லேத் பட்டறையில் உருக்கைச் சீவும் கார்பைடு டிப்பில் டங்ஸ்டனும் கார்பனும் எப்படி இறுகிக் கிடக்கின்றன, மின்கார் மோட்டாரின் நியோடிமியம் காந்தத்தில் எந்த அணு எவ்வளவு காந்தம் தருகிறது என்பதையெல்லாம் உலை மூட்டாமலே இன்று கணக்கிடுகிறார்கள்.

நோகாமல் நுங்கு தின்றார்களா? இல்லை. 1980களில், அந்தச் சமன்பாடுகளோடு பரவலாக வழங்கிய தோராயத்தை வைத்து இரும்பைக் கணக்கிட்டபோது, அதன் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையில் காந்தமே இல்லை என்று விடை வந்தது. பள்ளிப் பிள்ளைகூடச் சிரிக்கும் விடை. கோட்பாட்டைக் குப்பையில் வீசினார்களா? தோராயத்தில் அந்தந்த இடத்து அடர்த்தியை மட்டும் பார்த்தால் போதாது, அது இடத்துக்கு இடம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் சேர் என்று ஜான் பெர்டியூ போன்றவர்கள் தோராயத்தைத் திருத்தினார்கள். கணினிக்குள்ளும் இரும்பு காந்தமாயிற்று. ஒரு விடை தப்பினதும் "எனக்கு வராது" என்று நோட்டை மூடுகிறாயே, உன்னிடம்தான் பேசுகிறேன்!

ஆய்வகம் இல்லை, சிபாரிசு இல்லை என்று இன்னும் புலம்பாதே. இந்தக் கணக்கைப் போடும் குவாண்டம் எஸ்பிரெசோ என்ற மென்பொருள் இலவசம். இரும்பின் ஓரணு அலகுக்கூட்டைச் சாதாரண மடிக்கணினியே கணக்கிட்டுவிடும். இன்றிரவே இறக்கு. காந்தத்தோடு ஒருமுறை ஓட்டு. காந்தமில்லாமல் ஒருமுறை ஓட்டு. எதில் ஆற்றல் குறைவு? நீல்ஸ் போர் பெயரால் வழங்கும் மேக்னட்டான் அலகில் அணுவுக்கு 2.2 அருகே வருகிறதா? வரவில்லையென்றால் உள்ளீட்டுக் கோப்பைத் திற. வரி வரியாகத் தேடு.