சாவியைத் தொடாதீங்க!

மேலூர்ச் சாலையோரத்து ஷெட் ஒன்றில், யானைமலையின்மேல் அந்தி வெயில் படிந்திருந்த வேளையில், எஃகுப் பட்டையும் கப்பியும் கொண்டு கியர் விகிதத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் என் காருக்குரிய சி.வி.டி. ஆயிலுக்குப் பதிலாகச் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஊற்றிவிட்ட மெக்கானிக், காலி டப்பாவின் லேபிளை இருமுறை வாசித்து, க்ஷணநேரம் மௌனமாக நின்று, "சார், சாவியைத் தொடாதீங்க" என்று தாமே முன்வந்து சொன்னாரே, அந்த வார்த்தைக்கு எந்த ரசீதிலும் விலை போட முடியாது.

எஞ்சின் ஓடாதவரை அனர்த்தம் பெரும்பாலும் கியர்பெட்டியின் அடித்தட்டோடு நிற்கிறது. ஓடிவிட்டாலோ, தவறான ஆயில் டார்க் கன்வெர்ட்டர் வரைக்கும் பரவி, ஒருமுறை வடித்தாலும் கணிசமான பங்கு உள்ளேயே தங்கி, எஃகுப் பட்டை கப்பியைப் பற்ற வேண்டிய இடத்தில் வழுக்கச் செய்துவிடுவதால், இரண்டு மூன்று முறை வடித்து நிரப்பியே அதைப் போக்க வேண்டியிருக்கிறது. கையால் கியர் போடும் வண்டிக்கும் ஆயில் மாறினால் சங்கடம் உண்டு: பின் அச்சின் பற்சக்கரங்களைக் காக்கும் ஜி.எல்.5 ஆயிலின் கந்தகச் சேர்மங்களே, கியர்பெட்டியின் பித்தளை வளையங்களை நாளடைவில் அரிக்கவும் கூடும்.

என் காரில் ஊற்றிய தவறான ஆயில் பழைய தகர டின்னில் சிவப்பாகச் சொட்டி முடிய முக்கால் மணி நேரமாயிற்று. அதற்குள் எங்கள் இருவருக்கும் அவர் கணக்கில் டீ வந்துவிட்டது.