பெற்றோர் வழங்கும் ஆசி

'வாழ்த்து' என்னும் சொல்லின் அமைப்பே சிந்தனைக்குரியது. தாழ் என்பது தாழ்த்து என்றும், வீழ் என்பது வீழ்த்து என்றும் பிறவினையாவது போலவே வாழ் என்பதும் வாழ்த்து என்றாகின்றது. ஆகவே, சொல்லின் வடிவை நோக்கின், வாழ்த்துதல் என்பது வாழச் செய்தலாகும். தொல்காப்பியர் கூறும் புறநிலை வாழ்த்தும், தெய்வத்தின் காவலில் ஒருவர் தம் வழித்தோன்றல்களோடு சிறந்து விளங்க வேண்டுமென அவரையே முன்னிலைப்படுத்திக் கூறுவதாகும். விவிலியத்தில் எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தில் ஆரோனுக்கும் அவன் மைந்தர்க்கும் கற்பிக்கப்பட்ட ஆசியும் இவ்வகையினதே. கர்த்தரின் காவலும் கருணையும் சமாதானமும் மக்கள்மீது தங்க வேண்டும் என்பதே அதன் சாரம். வாழ்த்துகின்றவர் இங்குத் தம் கைப்பொருளை வழங்கவில்லை. தம்மினும் பெரிய ஒருவரின் காவலில் மற்றவரை ஒப்படைக்கின்றார்.

இவ்வாசியைப் பெற்றோர் தம் மக்களுக்கு எப்பொழுது வழங்க வேண்டும்? தகுதி கண்டபின் தரும் பரிசா அது? அன்றித் தகுதி வளர்வதற்கு முன்பே இடவேண்டிய உரமா? கிறிஸ்தவக் குடும்பங்கள் ஆழ்ந்து எண்ண வேண்டிய அறவினா இது. எச்சமயத்தைச் சார்ந்த பெற்றோருக்கும் இது அயலானதன்று.

இயேசுபெருமான் யோர்தான் நதியில் திருமுழுக்குப் பெற்றுக் கரையேறியபொழுது, இவர் என் அன்பு மைந்தர், இவரிடத்தில் மகிழ்கின்றேன் என்னும் கருத்தமைந்த குரல் வானினின்று கேட்டதாக நற்செய்தியாளர் எழுதுகின்றனர். அதுவரை அவர் மலைப்பொழிவு ஆற்றவில்லை. நோயாளர் எவரையும் குணப்படுத்தியதாக அந்நூல்களில் செய்தியும் இல்லை. பணி தொடங்குமுன்பே தந்தையின் மகிழ்ச்சி அறிவிக்கப்பட்டுவிட்டது. பாலைநிலச் சோதனையும் மக்களின் புறக்கணிப்பும் அதன் பின்னரே வந்தன. நேசிக்கப்படுகின்றோம் என்னும் உறுதி முன்னும், உழைப்பு பின்னுமாக அமைந்த இவ்வரிசையைப் பல இல்லங்களில் நாம் தலைகீழாக்கி வைத்துள்ளோம்.

அவ்வாறு தலைகீழானால் நிகழ்வது என்ன என்பதை ஆதியாகமம் காட்டுகின்றது. கண்பார்வை மங்கிய ஈசாக்கு தன் மூத்த மகன் ஏசாவை ஆசீர்வதிக்க விரும்புகின்றான். தாய் ரெபெக்காளின் ஏற்பாட்டால் இளையவன் யாக்கோபு தமையனின் ஆடையை அணிந்து, கைகளில் ஆட்டுத்தோலைப் போர்த்துக்கொண்டு தந்தையின்முன் நிற்கின்றான். நீ யார் என்று தந்தை வினவ, ஏசா என்று விடையிறுக்கின்றான். ஆசியும் கிடைத்துவிடுகின்றது. ஆனால் அது மனத்தை நிறைக்கவில்லை. வீட்டைவிட்டு ஓடி, இருபது ஆண்டுகள் அயல்நாட்டில் உழைத்துத் திரும்பும் வழியில், யாப்போக்கு ஆற்றங்கரையில் இரவு முழுதும் ஒருவரோடு போராடி, ஆசி தராமல் விடமாட்டேன் என்று அவன் மன்றாடுகின்றான். உன் பெயர் என்ன என்னும் வினா அங்கேயும் எழுகின்றது. இம்முறை அவன் யாக்கோபு என்றே கூறுகின்றான். தன் சொந்தப் பெயரைச் சொல்லிப் பெற்ற ஆசியே அவனை இஸ்ரவேல் என்னும் புதிய மனிதனாக்கியது.

பிறர் ஆடையை அணிந்து பெறும் ஆசி பிள்ளையை நிறைவு செய்யாது என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணையும், அத்தை மகனின் பொறியியல் பட்டத்தையும், தந்தைக்குக் கிட்டாமற்போன பதவியையும் தோலாகப் போர்த்துக்கொண்டு நம்முன் நிற்கின்றனர்! ஈசாக்காவது பார்வையிழந்தவன். கண்ணிருந்தும் நாம் கைகளைத் தடவிப் பார்த்தே பிள்ளையை அடையாளம் காணலாமா?

தமிழகத்தை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நமக்கு இவ்வினா மேலும் கூர்மையானது. ஊரில் பிள்ளை பள்ளிக்குச் சேர்ந்தாலும், பயணம் புறப்பட்டாலும், தலையில் கைவைத்து வாழ்த்தப் பாட்டனும் பாட்டியும் இருந்தனர். பெற்றோர் கடிந்துகொண்ட நாளிலும் மடியில் இருத்திக்கொள்ள ஒருவர் இருந்தார். இங்கே அம்முதியோரைக் கோடை விடுமுறையில் ஒருமுறை காண்பதே அரிது. பெற்றோரும் வாய்திறவாவிடின், அப்பிள்ளையை வாழ்த்த அந்த வீட்டில் வேறு எவரும் இல்லை.

முகத்துக்கு நேரே பாராட்டினால் செருக்கு வளரும் என்றும், கண்ணேறு படும் என்றும் அஞ்சுவது நம்மவர் இயல்பு. இவ்வச்சம் முற்றிலும் பொருளற்றதன்று. அளவிறந்த புகழ்ச்சி பிள்ளையைக் கெடுக்கக்கூடும். ஆனால் புகழ்ச்சி வேறு, ஆசி வேறு. புகழ்ச்சி செய்த செயலைப் பற்றியது. செயல் தவறினால் அதுவும் மறையும். ஆசியோ ஆளைப் பற்றியது. தோல்வியுற்ற நாளிலும் அது நிற்கும். தன் மகனைச் சான்றோன் எனப் பிறர் கூறக் கேட்டுத் தாய் அடையும் பெருமகிழ்ச்சியை வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் போற்றுகின்றார். அம்மகிழ்ச்சி சிறந்ததே. ஆயினும் பிறர் கூறும்வரை காத்திருக்கும் பிள்ளைக்குத் தாயின் சொல் அதற்கு முன்பே தேவைப்படுகின்றது. பிள்ளைகள் மனந்தளர்ந்து போகாதபடி அவர்களுக்கு எரிச்சலூட்டாதிருக்குமாறு கொலோசெயருக்கு எழுதிய நிருபத்தில் பவுல் தகப்பன்மாருக்கு அறிவுறுத்துவதும் இதுபற்றியே.

ஆசி முகமன் உரையும் அன்று. மரணப் படுக்கையில் யாக்கோபு தன் பன்னிரு புதல்வரையும் அழைத்துத் தனித்தனியே பேசுகின்றான். ரூபனின் நிலையின்மையையும், சிமியோன், லேவி இருவரின் கொடுஞ்சினத்தையும் அவன் மறைக்கவில்லை. எனினும் அவரவர்க்கு உரிய ஆசியை அவன் வழங்கினான் என்றே அவ்வதிகாரம் கூறுகின்றது. உண்மையைச் சொல்லும் அன்பும் ஆசியின் பகுதியே. ஆனால் அவ்வரிசையில் அவன் மகள் தீனாளுக்கு ஒரு சொல்லும் இல்லை. பழங்கால வழக்கம் என்று அதனைக் கடந்து செல்வது எளிது. நம் இல்லங்களில் அவ்வழக்கம் ஒழிந்துவிட்டதா என்று கேட்பதே நேர்மை. மகனின் வேலைக்கு நன்றி வழிபாடு நடத்தும் குடும்பம், மகளுக்குத் திருமண நாளில் மட்டும் ஆசி கூறினால் போதுமா? யூத இல்லங்களில் வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் தொடங்கும்பொழுது, பெற்றோர் பிள்ளைகள் தலையில் கைவைத்து, ஆண்மக்களுக்கு எப்பிராயீம், மனாசேயின் பெயர்களையும், பெண்மக்களுக்குச் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாளின் பெயர்களையும் சொல்லி வாழ்த்தும் மரபு உண்டு. வாரந்தோறும் நிகழும் அவ்வாசிக்கு மதிப்பெண் பட்டியல் தேவையில்லை.

எல்லாவற்றிலும் கடினமான நிலை ஒன்றுண்டு. பிள்ளை நாம் ஏற்காத வழியில் செல்கின்றது. ஆலயத்துக்கு வர மறுக்கின்றது. நாம் விரும்பாத மணத்தை விழைகின்றது. அப்பொழுதும் ஆசி கூறுவது நம் மனச்சான்றுக்குத் துரோகமாகாதா? ஆகாது. ஆசி என்பது இசைவுச் சீட்டன்று. உன் முடிவு எனக்கு உடன்பாடன்று எனக் கூறும் அதே வாயால், நீ என் பிள்ளை, இறைவன் உன்னைக் காப்பாராக என்றும் கூறலாம். இயேசு கூறிய உவமையில், வீட்டைத் துறந்து சென்ற இளைய மகன் தொலைவில் வரும்பொழுதே தந்தை ஓடிச்சென்று தழுவிக்கொள்கின்றான். மகன் ஆயத்தம் செய்துவந்த மன்னிப்பு மொழி அதற்குப் பின்னரே வெளிப்படுகின்றது. அதே தந்தை, வெளியில் சினந்து நின்ற மூத்த மகனிடமும் சென்று, தன்னுடையதெல்லாம் அவனுடையதே என்கின்றான். ஆண்டாண்டாகக் கீழ்ப்படிந்து உழைத்தவன் அதை உணராமலே இருந்திருக்கின்றான்! தொல்லை தராத பிள்ளைக்கு ஆசி தேவையில்லை என எண்ணும் பெற்றோருக்கு இது ஓர் எச்சரிக்கை.

இவ்வாசியைக் கூறக் குருவானவர் வரவேண்டுவதில்லை. 1529-ல் லுத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசம் இல்லத்தலைவர்களையும் மனத்திற்கொண்டு அமைந்தது. காலையிலும் மாலையிலும் வீட்டார் கூறவேண்டிய மன்றாட்டுகளை அது கற்பித்தது. 1706-ல் தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கு அதனைத் தமிழாக்கினார். இல்லமே முதல் ஆலயம் என்னும் எண்ணம் தமிழ்க் கிறிஸ்தவர்க்குப் புதியதன்று.

செய்முறையும் எளியதே. இரவு குடும்ப ஜெபம் முடிந்ததும் பிள்ளையின் தலையில் கைவைத்து, அவன் அல்லது அவள் பெயரைச் சொல்லி, அன்று கண்ட ஒரு நல்லியல்பைக் குறிப்பிட்டு, இறைவனின் காவலை வேண்டுதல் போதும். 'ஆனால்' என்னும் சொல்லை அதனோடு சேர்க்காதிருத்தல் நலம். அவ்வாசி தமிழிலேயே அமையட்டும். எழுந்திரு, படி, சீக்கிரம் புறப்படு என்னும் ஏவல்களுக்குத் தமிழையும், பாராட்டுக்கு ஆங்கிலத்தையும் நாம் ஒதுக்கிவிட்டால், தாய்மொழி பிள்ளையின் செவிக்குக் கட்டளை மொழியாக மட்டுமே எஞ்சும். தன்னை வாழ்த்திய மொழியை எப்பிள்ளையும் எளிதில் மறப்பதில்லை.

நாம் சேர்த்து வைக்கும் வீடும் வைப்புநிதியும் நமக்குப் பின்னர் பிரித்துக்கொடுக்கப்படும். பெயர் சொல்லி நாம் கூறும் ஆசியோ நாம் இருக்கும்பொழுதே வழங்கவேண்டியது. நம் மக்கள் தத்தம் பெயராலேயே அதனைப் பெற்று நீடு வாழ்வார்களாக!