செய்தியை நிறுத்துப் பார்ப்போம்

 

இம்மாதம் நாம் எழுதப் புகுவது பிறருக்கு உபதேசமன்று. நமது குற்றத்தை ஒப்புக்கொண்டே தொடங்குகிறோம்.

ஒரு நாள் மஃரிபுத் தொழுகை முடித்துக் கடைக்குத் திரும்பினோம். கைப்பேசியில் ஒரு படம் வந்திருந்தது. அசுத்தமான சமையற்கூடம், அடுப்பருகே எலிகள். இன்ன ஊரில் இன்ன சாப்பாட்டுக் கடை என்று கீழே எழுதியிருந்தது. அது நம்மவர் ஒருவருடைய கடை. நாம் யோசிக்கவில்லை. பட்டியலில் இருந்த மூன்று வாட்ஸ்அப் குழுக்களுக்கும் அனுப்பிவிட்டு, கல்லாவில் அமர்ந்து சில்லறை எண்ணத் தொடங்கினோம். அனுப்ப ஆன நேரம் ஒரு மடக்குத் தேநீர் குடிக்கும் நேரங்கூட இல்லை.

மூன்றாம் நாள் உண்மை தெரிந்தது. படம் பழையது, வேறொரு நாட்டில் எடுத்தது. ஆனால் அதற்குள் அக்கடையில் மதியச் சோறு அண்டாவோடு மிஞ்சிப் போயிற்று. வேலையாட்கள் இருவரை அவர் நிறுத்த வேண்டியதாயிற்று. நாம் நேரில் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவர் கோபிக்கவில்லை. "காக்கா, நீங்கள் எனக்கு ஒரு வார்த்தை போன் செய்து கேட்டிருக்கலாமே" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தை இன்றளவும் நம் நெஞ்சில் உறுத்துகிறது.

சகோதரர்களே! நாம் வியாபாரிகள். ஒரு மூட்டை அரிசி வந்தால் குத்தூசியால் குத்தி, உள்ளங்கையில் கொட்டி, ஊதிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். யாரிடமிருந்து வந்தது, பில் எங்கே என்று கேட்கிறோம். சரக்குக்கு இத்தனை விசாரணை செய்கிற நாம், ஒரு முஸ்லிமின் மானத்தைப் பற்றிய செய்திக்கு ஒரு விசாரணையும் செய்வதில்லை. இது என்ன நியாயம்?

திருக்குர்ஆனின் 49 ஆவது அத்தியாயம் ஹுஜுராத். அதன் ஆறாவது வசனத்தில், நம்பத்தகாதவன் ஒரு செய்தி கொண்டுவந்தால் நன்கு விசாரியுங்கள், அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கு செய்துவிட்டுப் பிறகு வருந்த நேராதிருக்கட்டும் என்று அல்லாஹு தஆலா கட்டளையிடுகிறான். கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதே ஒருவன் பொய்யனாவதற்குப் போதும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் எச்சரிக்கை. இது முஸ்லிம் ஷரீபில் உள்ளது. பொய்யை இட்டுக்கட்டியவனை மட்டும் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். விசாரியாமல் கடத்தியவனும் பொய்யனே.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீது மதீனாவில் வீண்பழி கிளம்பிய வரலாறு நாமனைவரும் பயான்களில் கேட்டதுதான். அதை இட்டுக்கட்டியவர்கள் சிலர். வாய் மாற்றி வாய் சொன்னவர்களோ நல்லவர்களும் கூட. ஏறத்தாழ ஒரு மாத காலம் அக்குடும்பம் துயரத்தில் துடித்தது. பின்னர் ஸூரத்துந் நூரில் அன்னையார் பரிசுத்தமானவர் என்று இறைவனே அறிவித்தான். மக்கள் அப்பேச்சை அற்பமாய் எண்ணினர், இறைவனிடத்திலோ அது பெரும் பாவம் என்றும் அவ்வசனங்கள் கூறுகின்றன. அக்காலத்தில் ஒரு வதந்தி ஊரைச் சுற்ற நாட்கள் ஆயின. இன்றோ நாம் ஒளூச் செய்து முடிப்பதற்குள் அது கடல் கடந்துவிடுகிறது.

முன்பு செய்திக்கு ஒரு வாசல் இருந்தது. வாசலில் காவலும் இருந்தது. சிங்கப்பூரில் 1887 ஆம் ஆண்டிலேயே 'சிங்கை நேசன்' என்ற தமிழ் வார இதழை நடத்தியவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்த மகுதூம் சாயபு. பத்திரிகையில் தவறு வந்தால் கேட்பதற்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார். மறுநாள் திருத்தம் வெளியாயிற்று. 1924 இல் தோன்றிய 'தமிழ் நேசன்' நட்டம் தாங்காமல் 2019 பிப்ரவரியில் நின்றுபோயிற்று. விளம்பரப் பணமும் வாசகர் கண்ணும் கைப்பேசிக்குப் போய்விட்ட காலத்தில் எந்தப் பத்திரிகைக்கும் வாழ்வு கடினமே. நாமும் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குவதை நிறுத்தியவர்கள்தாம். இலவசமாய்க் கிடைக்கும் செய்தியை நம்பினோம். இலவசச் சரக்கு ஏன் இலவசம் என்று வியாபாரியாகிய நாம் கேட்டிருக்க வேண்டாமா? அங்கே விற்கப்படும் சரக்கு நமது நேரமும் கவனமுமே, வாங்குபவர் விளம்பரக்காரர். கோபமும் பயமும் ஊட்டும் செய்தியில் மனிதன் அதிக நேரம் தங்குகிறான். ஆகவே அதுவே முன்னால் வைக்கப்படுகிறது.

இச்சாதனங்களால் நன்மையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. மலேசியாவில் 2008 மார்ச் தேர்தலில் இணையத்தின் வழியே எளியவன் குரலும் சபையேறியது. 1957 முதல் ஒரே அணியினர் ஆண்ட ஆட்சி 2018 மே 9 தேர்தலில் மாறியதில் வாட்ஸ்அப்புக்கும் பங்குண்டு. ஆனால் 2022 நவம்பர் தேர்தலுக்குப் பின் நடந்ததையும் பார்த்தோம். 1969 மே 13 கலவரத்தை நினைவூட்டி மிரட்டும் படங்கள் டிக்டாக்கில் பரவ, போலீசார் எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று. பல இனத்தார் கூடி வாழும் நாட்டில் இது வைக்கோற் போரின் அருகே நெருப்புக் குச்சி கிழிப்பதாகும்.

நெருப்புப் பற்றினால் என்னவாகும் என்பதற்கு இலங்கையைப் பாருங்கள். 2018 பிப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கறிக்குள் மாவுக் கட்டி ஒன்று அகப்பட்டது. சிங்களவரை மலடாக்கும் குளிகை இது என்று சிலர் கூச்சலிட்டனர். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர் மிரண்டு, கேட்டதற்குத் தலையசைத்துவிட்டார். அது படமாகி முகநூலில் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அப்படி ஒரு குளிகையே உலகில் இல்லை. சோதித்துப் பார்த்தபோதும் அது வெறும் மாவுதான். ஆனால் மார்ச் மாதத்தில் கண்டி மாவட்டத்தில் வேறொரு சண்டையை முன்னிட்டுக் கலவரம் மூண்டபோது, முன்னரே பரவியிருந்த அந்த வெறுப்பும் எண்ணெயாயிற்று. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அரசாங்கம் அவசர நிலை பிரகடனம் செய்து, முகநூலையும் வாட்ஸ்அப்பையும் சில நாட்கள் முடக்கியது. தன் தளம் அக்கலவரத்திற்கு இடமளித்ததற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதம் வருத்தம் தெரிவித்தது. எரிந்த கடைக்கு அவ்வருத்தம் கூரையாகுமா?

அந்தக் கடைக்காரர் நம்மைப் போன்றவர். கல்லா, அடுப்பு, வாடகை, பிள்ளைகள் என்று வாழ்ந்தவர். பொய்ச் செய்தியால் நம்மவர் எரிந்தபோது அழுத நாம், அதே பொய்யை இன்னொருவர் மீது அனுப்பலாமா? பிற மதத்தாரைப் பற்றிய இழிவான செய்தி நம் குழுவுக்கு வரும்போது நம் விரல் நின்றதா? இதற்கு ஒவ்வொருவரும் தம் நெஞ்சில் கைவைத்துப் பதில் சொல்ல வேண்டும்.

நம் முன்னோர் ஹதீதுகளைச் சேகரித்தபோது, சொன்னவர் யார், அவருக்குச் சொன்னவர் யார் என்று ஸனதை ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்தார்கள். ஒரு கண்ணி பலவீனமானால் செய்தியும் பலவீனம். இன்று வாட்ஸ்அப்பே இதற்கு ஓர் அடையாளம் தருகிறது. பல கை மாறிய செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி தோன்றும். 2020 ஏப்ரல் முதல் அத்தகைய செய்தியை ஒரு வேளைக்கு ஒரு குழுவுக்கு மேல் அனுப்ப இயலாது. அக்குறியைக் கண்டால், ஸனது அறுந்த சரக்கு இது என்று கொள்ளுங்கள்.

நாம் வேண்டுவது மூன்றே. சம்பந்தப்பட்டவரை ஒரு வார்த்தை கேட்காமல் அனுப்பாதிருங்கள். கோபமூட்டும் செய்தியை ஓர் இரவு ஆறப் போடுங்கள். சுபுஹுக்குப் பின்னும் அனுப்பத் தோன்றுகிறதா பாருங்கள். தவறாக அனுப்பிவிட்டால், எந்தக் குழுவில் அனுப்பினீர்களோ அதே குழுவில், உங்கள் பெயராலேயே திருத்தம் போடுங்கள். நாம் அவ்வாறே மூன்று குழுக்களிலும் எழுதினோம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மறு வெள்ளிக்கிழமை அச்சகோதரரின் கடையில் நம்மவர் நாலு பேர் அமர்ந்து சோறுண்டதைக் கண்டபோது மனம் சற்றே ஆறிற்று.

காதும் கண்ணும் உள்ளமும் மறுமையில் விசாரிக்கப்படும் என்பது நமது ஈமான். அந்நாளில் விரலும் சாட்சி சொல்லும். தராசுத் தட்டில் கல் குறைத்தவனுக்குள்ள கேடு, சொல்லில் கலப்படம் செய்தவனுக்கு இல்லாமற் போகுமா?

யா அல்லாஹ்! எங்கள் நாவையும் விரலையும் பொய்யிலிருந்து காப்பாயாக! எங்கள் வியாபாரத்தில் ஹலாலையும், எங்கள் பேச்சில் உண்மையையும், அண்டை வீட்டாரோடு சமாதானத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.